மண் அடுப்பு: கட்டும் முறையும் எரிக்கும் முறையும்

எரிவாயு இணைப்பு உள்ள வீட்டிலும் மண் அடுப்புக்கு வேலை இருக்கிறது. நெல் அவித்தல், குளிக்க வெந்நீர் காய்ச்சுதல், மாட்டுக்குக் கஞ்சி வைத்தல், உறவினர் கூடும் நாளில் ஐம்பது பேருக்குச் சோறு வடித்தல், தைப்பொங்கலன்று வாசலில் பானை ஏற்றுதல் ஆகிய எல்லாவற்றையும் உருளையை நம்பிச் செய்துவிட முடியாது. செய்தாலும், தணலில் புதைத்துச் சுட்ட கத்திரிக்காயின் மணமோ, வரட்டிச் சூட்டில் மாலைவரை கிடந்து ஏடு தடித்த பாலின் சுவையோ அதில் கிடைப்பதில்லை. ஆனால் அடுப்புப் போடத் தெரிந்த கைகள் ஊர்களில் குறைந்துகொண்டே வருகின்றன. மூன்று செங்கற்களை நிறுத்தி, அரைகுறையாகக் காய்ந்த விறகைத் திணித்து, கண்ணில் நீர் வடிய ஊதிக்கொண்டிருப்பதுதான் விறகடுப்பு என்று எண்ணுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அந்தப் புகையில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. அடுப்பை எங்கே போடுவது, எந்த மண்ணில் எந்த அளவில் கட்டுவது, எதை எப்படி எரிப்பது, எந்த நாளில் எந்த அடுப்பை மூட்டுவது என்பவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

கட்டத் தொடங்கும் முன் தீயின் இயல்பைத் தெரிந்துகொள்வது நல்லது. சூடேறிய விறகிலிருந்து ஆவிகள் வெளியேறுகின்றன. அந்த ஆவிகளுக்குப் போதிய சூடும் காற்றும் கிடைத்தால் அவை சுடராக எரிகின்றன. கிடைக்காவிட்டால் புகையாக வெளியேறுகின்றன. ஆகவே புகை என்பது எரியாமல் வீணாய்ப் போகும் விறகே. அடுப்பின் சுவர், வாய், பாத்திரத்தைத் தாங்கும் குமிழ், தரையிலிருந்து பாத்திரத்தின் அடிவரை உள்ள உயரம் ஆகிய ஒவ்வோர் அளவும் சூட்டை உள்ளே நிறுத்தவும் காற்றை வேண்டிய அளவில் விடவுமே வகுக்கப்பட்டவை. இது மனத்தில் இருந்தால், இங்கே சொல்லப்படாத ஒரு சிக்கல் உங்கள் அடுப்பில் எழுந்தாலும் காரணத்தை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

எந்த வேலைக்கு எந்த அடுப்பு

வெந்நீருக்கும் எப்போதாவது செய்யும் சமையலுக்கும் ஒற்றை அடுப்புப் போதும். அன்றாடம் விறகில் சமைப்பவருக்குக் கொடி அடுப்பு வேண்டும். முதல் அடுப்பில் எரியும் தீயின் மிச்சச் சூடு, பின்சுவரில் உள்ள துளை வழியே பக்கத்து அடுப்புக்குப் போகும்படி அமைப்பதே கொடி அடுப்பு. சோறு கொதிக்கும்போதே பக்கத்து அடுப்பில் பருப்பு வேகும், ரசம் சூடாறாமல் இருக்கும், விறகு தனியாகச் செலவாகாது. இலங்கையில் பரவலாக விற்கப்படும் அனகி என்னும் சுடுமண் அடுப்பும் இதே முறையில் இரண்டு பாத்திரங்களைத் தாங்குவதுதான். கல்யாணம், கோயில் விருந்து போன்ற பந்திச் சமையலுக்குக் கோட்டை அடுப்பு வேண்டும். அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

மரத்தூள் கிடைக்கும் ஊரில் மரத்தூள் அடுப்பு மலிவானது. ஓர் இரும்பு வாளியின் பக்கவாட்டில், அடியை ஒட்டி 2 அங்குலத் துளை போட்டு, அந்தத் துளை வழியே ஒரு கட்டையைப் படுக்கையாக நுழைத்து, நடுவில் இன்னொரு கட்டையை அதன்மேல் முட்டும்படி நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இறுகக் கெட்டித்து, கட்டைகளை மெல்ல உருவினால் காற்றுக்கும் சுடருக்கும் வழி கிடைத்துவிடும். கீழ்த்துளையில் தீ வைத்தால் யாரும் கிளறிவிடாமலே பல மணி நேரம் எரியும். குமுட்டி அடுப்பு கரிக்கானது. அப்பளம் சுடவும், கஷாயம் சுண்டவைக்கவும் ஏற்றது. அதில் புகை இல்லை என்று நம்பி மழைக்காலத்தில் மூடிய அறைக்குள் வைத்துவிடக் கூடாது. கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவரை உறக்கத்திலேயே கொன்றுவிடும்.

இடம்

வீட்டின் தென்கிழக்கை அக்கினி மூலை என்று ஒதுக்கி, சமைப்பவர் கிழக்குப் பார்க்கும்படி அடுப்பு வைப்பது பலர் பின்பற்றும் மரபு. அந்த மரபைக் கடைப்பிடிப்பவர்களும் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, உங்கள் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி எந்தத் திசையிலிருந்து காற்று வீசுகிறதோ அந்தத் திசைக்கு நேராக அடுப்பின் வாய் இருக்கக் கூடாது. நேர்க்காற்று சுடரைப் பாத்திரத்துக்கு அப்பால் தள்ளி விறகை இரட்டிப்பாக்கும். மற்றொன்று, புகைபோக்கி இல்லாத அடுப்பை வீட்டுக்குள் போடவே கூடாது. விறகு, வரட்டி, கரி, மண்ணெண்ணெய் போன்ற எரிபொருள்களால் வீட்டுக்குள் எழும் புகை, 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேரின் மரணத்துக்குக் காரணமாக இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அந்தப் புகையில் அதிக நேரம் இருப்பவர்கள் சமைக்கும் பெண்களும் அவர்கள் இடுப்பில் இருக்கும் குழந்தைகளும்தாம். அடுப்புப் போடும்போது யோசிக்க வேண்டிய முதல் ஆள் அதன்முன் உட்காரப் போகிறவர். பின்கட்டில் மூன்று பக்கம் திறந்த சிறிய தாழ்வாரம், மேலே ஓடு அல்லது தகரம், மேற்குச் சாரலுக்கு ஒரு தடுப்பு என்று அமைந்தால் அதுவே போதுமானது. கீற்றுக் கூரையின் கீழ் வேண்டாம்.

நின்று சமைக்கும் பழக்கம் உள்ளவர்கள் 2 அடி உயரச் செங்கல் திண்டின்மேல் அடுப்பைக் கட்டலாம். முதுகு வலிக்காது, தவழும் குழந்தையின் கை எட்டாது. முற்றத்துத் தரையிலேயே போட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

மண்

குளத்து வண்டல், வயல் களி, செம்மண் எல்லாமே உதவும். புற்றுமண் கிடைத்தால் அதுவே சிறந்தது. கரையான் சலித்து ஒட்டவைத்த மண் ஆகையால் அதில் கல்லோ வேரோ இருப்பதில்லை, பிடிப்பும் மிகுதி. ஆனால் ஊரார் பால் ஊற்றி வழிபடும் புற்றைத் தொடாமல், உழுதபோது சிதைந்த புற்றின் மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

மண்ணின் தன்மையைக் கையாலேயே சோதிக்கலாம். ஈர மண்ணை விரல் பருமனுக்குத் திரித்து வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போதே முறிந்தால் மணல் அதிகம். களி சேர்க்க வேண்டும். வளைந்தாலும், உருட்டி வைத்த உருண்டை மறுநாள் வெடித்திருந்தால் களி அதிகம். மணல் சேர்க்க வேண்டும். களி மண் மூன்று பங்குக்கு மணல் ஒரு பங்கு என்று தொடங்கி, இந்தச் சோதனைப்படி கூட்டிக் குறைத்துக்கொள்வது நல்லது. இதனுடன் விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோலும் கொஞ்சம் உமியும், புதிய சாணம் ஒரு பங்கும் சேர்க்க வேண்டும். வைக்கோல் மண்ணைப் பிணைத்து நிறுத்துகிறது. உமி எரிந்துபோன இடங்களில் நுண்ணிய வெற்றிடங்கள் உண்டாவதால் சுவர் வழியே சூடு எளிதில் கடந்து போவதில்லை. பழைய பானை ஓடுகளைப் பொடித்துச் சேர்ப்பதும் வெடிப்பைக் குறைக்கும்.

இந்தக் கலவையை நீர் விட்டு மூன்று நாள் ஊறவையுங்கள். நாளும் ஒருமுறை காலால் நன்றாக மிதிக்க வேண்டும். மிதிக்காத மண்ணில் கட்டிய அடுப்பு பார்வைக்கு ஒழுங்காக இருந்தாலும் ஒரு மாதத்தில் பொருமிவிடும். அவசரப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வேலையைக் குறைக்கிறார்கள்.

ஒற்றை அடுப்பைக் கட்டுதல்

நீங்கள் அதிகம் பயன்படுத்தும் பாத்திரம் எதுவோ, அதை இடத்தில் வைத்து அதைச் சுற்றிக் கோடு போடுங்கள். அந்தப் பாத்திரத்துக்குத்தான் அடுப்பு. எல்லாப் பாத்திரத்துக்கும் பொருந்தும் அடுப்பு எதற்கும் பொருந்தாது. தரையை 3 அங்குலம் தோண்டி, உமிச் சாம்பலோ விறகுச் சாம்பலோ கொட்டி இறுக்கி, அதன்மேல் ஓட்டுத் துண்டுகளைப் பரப்பி மண் பூசிக்கொள்ளுங்கள். ஈரத் தரையின் மேல் நேரே கட்டினால் தீயின் சூட்டில் ஒரு பகுதியைத் தரையே குடித்துவிடும்.

பிசைந்த மண்ணை உருண்டை உருண்டையாக எடுத்து, ஒன்றோடொன்று அறைந்து ஒட்டி, குதிரை லாட வடிவில் சுவரை எழுப்ப வேண்டும். சுவர் 4 அங்குலக் கனம் இருக்கட்டும். முதல் வரிசை 3 அங்குலம் எழுந்ததும் அரை நாள் விட்டு, அது கொஞ்சம் இறுகிய பின், மேல் முகத்தைக் கீறி, நீர் தெளித்து அடுத்த வரிசையை வைக்க வேண்டும்; ஒரே மூச்சில் எழுப்பினால் சுவர் தன் கனத்திலேயே உப்பிச் சரியும். மேலே போகப் போக உட்புறம் சற்றே குவிந்து வர வேண்டும். வாயின் அகலம் 6 அங்குலம், உயரம் 5 அங்குலம் இருந்தால் மூன்று விறகு நுழையும். அதைவிடப் பெரிதாக வைத்தால் குளிர்ந்த காற்று கட்டின்றி உள்ளே புகுந்து தீயை ஆற்றிவிடும். வாயின்மேல் ஓர் இரும்புப் பட்டையோ தட்டை ஓடோ குறுக்கே வைத்து மண் பூசி, மேல் விளிம்பை முழு வட்டமாக மூடிவிடுங்கள். பழைய அடுப்புகள் பலவற்றில் வாய் உச்சி வரை திறந்தே இருக்கும். மூடிய அடுப்பில் சூடு தங்குவது முதல் நாளிலேயே தெரியும்.

உயரம்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. அடுப்பின் தரையிலிருந்து பாத்திரத்தின் அடி 8 அங்குலம், அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் சுடர் முழுதாக எரியும் முன்பே குளிர்ந்த பாத்திரத்தில் முட்டிக் கரியாகப் படியும். மிக உயர்ந்தால் சுடரின் நுனிகூடப் பாத்திரத்தைத் தொடாது.

விளிம்பின்மேல் மூன்று குமிழ்கள் வையுங்கள். எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பது முக்காலிதான் என்பதால் மூன்றே போதும். வானத்தில் முக்கோணமாகத் தெரியும் பரணி நட்சத்திரக் கூட்டத்துக்கு அடுப்பு என்று நம் முன்னோர் பெயரிட்டதும் இந்த மூன்று முனைகளைக் கண்டுதான். குமிழின் உயரம் ஒரு விரல் கனம் இருக்கட்டும். அந்த இடைவெளி வழியேதான் சுடர் பாத்திரத்தின் பக்கங்களைத் தழுவி வெளியேறுகிறது. இரண்டு மூன்று அங்குலம் உயர்த்திவிட்டால் சூடெல்லாம் பக்கவாட்டில் ஓடிவிடும். மண் ஈரமாக இருக்கும்போதே பாத்திரத்தில் கொஞ்சம் நீர் ஊற்றிக் குமிழ்களின் மேல் வைத்துப் பாருங்கள். நீர் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்துக் குமிழை உயர்த்திச் சமன் செய்துகொள்ளலாம்.

கொடி அடுப்பு வேண்டுமானால், பின்சுவரில் மேல்பாதியில் 4 அங்குலத் துளை விட்டு, அதை மேல்நோக்கிச் சாய்வாக இரண்டாம் அடுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டாவதன் குழி 4 அங்குல ஆழம் இருந்தால் போதும். அங்கே விறகு எரிவதில்லை, சூடான காற்று மட்டுமே சுழல்கிறது. துளையைச் சமமட்டமாக வைத்தால் சாம்பல் அடைத்துக்கொள்ளும்.

வெயில் படாமல் ஏழு முதல் பத்து நாள் காயவிடுங்கள். இரண்டாம் மூன்றாம் நாளில் முடிபோல் கீறல்கள் தோன்றும்; ஈரக்கையால் அழுத்தித் தேய்த்தால் மூடிக்கொள்ளும். கூழாங்கல்லால் மேற்பரப்பைத் தேய்த்து வழுவழுப்பாக்கினால் பின்னால் சாணம் மெழுக எளிதாக இருக்கும். முதல் தீ சமையலுக்கானது அன்று. தேங்காய் நாரும் சுள்ளியும் கொண்டு சிறு தீ மூட்டி, ஒரு மணி நேரம் எரித்து ஆறவிட்டு, மறுநாள் கொஞ்சம் பெரிய தீயாக எரித்து, உள்ளே தங்கிய ஈரத்தை விரட்டிய பிறகே பாத்திரம் ஏற்ற வேண்டும்.

புகைபோக்கி

வீட்டுக்குள் சமைத்தே தீர வேண்டியவர்களுக்காக இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். புகையில்லா அடுப்புக்கான முயற்சி நம் நாட்டில் பழையது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா செயலாளராக இருந்து நடத்திய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம், வார்தாவில் உள்ள மகன்வாடியில் இயங்கியது. மகன் சூலா என்ற புகையில்லா அடுப்பு அங்கிருந்துதான் 1940களில் பரவியது. 1950களின் தொடக்கத்தில் ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ். பி. ராஜு இன்னொரு வடிவத்தை உருவாக்கினார். 1980களில் தொடங்கி 2002 வரை நடந்த தேசியத் திட்டத்தின் கீழ் 3 கோடிக்கும் மேற்பட்ட மேம்பட்ட அடுப்புகள் வீடுகளில் போடப்பட்டன. அவற்றில் ஏராளமானவை சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. அடைத்துக்கொண்ட குழாயைத் துப்புரவு செய்ய யாருக்கும் கற்றுத்தரப்படவில்லை. அடுப்பின் அளவு வீட்டுப் பானைக்குப் பொருந்தவில்லை. புகைபோக்கி வைக்கிறவர்கள் அந்தத் தோல்வியிலிருந்து கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

புகைபோக்கி அடுப்பில் குமிழ் கூடாது. பாத்திரம் விளிம்பில் இடைவெளி இல்லாமல் பதிந்து உட்கார வேண்டும். அப்போதுதான் புகை வேறு வழியின்றி முதல் அடுப்பிலிருந்து இரண்டாவதற்கும், அங்கிருந்து குழாய்க்கும் போகும். குமிழோடு கட்டிய அடுப்புக்குக் குழாய் வைத்தால் குழாயும் இழுக்காது, புகையும் அடங்காது. இரண்டாம் அடுப்பில் பாத்திரம் வைக்காத நேரத்தில் அதன் வாயை ஒரு மூடியால் மூடிவிட வேண்டும். குழாய் 4 அங்குல விட்டம் உள்ளதாக, சுடுமண்ணிலோ துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டிலோ இருக்கட்டும். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) குழாயை அறுக்கும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கேடு, அதைத் தவிர்த்துவிடுங்கள். குழாய் கூரைக்கு மேல் குறைந்தது 2 அடி உயர்ந்து, உச்சியில் மழைத்தொப்பி அணிந்திருக்க வேண்டும். கீற்றுக் கூரை வீடானால் குழாயைச் சுவர் வழியே வெளியே எடுத்து, கூரையைத் தொடாத தூரத்தில் நிறுத்த வேண்டும். குழாயின் அடியில் ஒரு சிறு திறப்பு விட்டு, அதை ஓட்டுத் துண்டால் மூடி வையுங்கள். மாதம் ஒருமுறை கயிற்றில் தேங்காய் நார்க் கட்டைக் கட்டி மேலிருந்து இறக்கித் தேய்த்தால் புகைக்கரி அந்தத் திறப்பில் வந்து விழும். இதைச் செய்ய மனமில்லாதவர்கள் அடுப்பை வெளியிலேயே போட்டுக்கொள்வது நல்லது.

விறகும் தீயும்

வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராக இருக்கும். அந்த நீரை ஆவியாக்கும் வேலையும் அடுப்பின் தலையில் விழுவதால் பச்சை விறகு சூட்டைத் தராமல் புகையைத் தருகிறது. கோடையில் பிளந்து, மழை படாத இடத்தில், தரையைத் தொடாமல் கட்டையின்மேல் அடுக்கி வைத்த விறகு ஆறு மாதத்தில் நன்றாகக் காய்ந்துவிடும். இரண்டு விறகுகளைத் தட்டினால் கணீரென்று ஓசை வரும். மந்தமாக ஒலித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. எவ்வளவு நல்ல விறகானாலும் மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் இருந்தால் பிளந்தே வைக்க வேண்டும்.

சீமைக்கருவேலமும் புளியும் சவுக்கும் அதிக வெப்பம் தருபவை. நின்று எரியும், தணலும் உறுதியாக விழும். முருங்கையும் கல்யாண முருங்கையும் பஞ்சுபோல் எரிந்து சாம்பலாகிவிடும். தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு மட்டை, பாளை, சிரட்டை, பன்னாடை என்று ஆண்டு முழுவதற்கும் எரிபொருள் கிடைக்கும். அரளிக் கட்டையைச் சமையலுக்கு எரிக்கவே கூடாது. அதன் புகையும் நஞ்சு. வண்ணம் பூசிய பலகை, பிளைவுட், நெகிழிப் பை ஆகியவற்றுக்கும் இதே விதிதான். பற்றவைப்பதற்காக ஒரு பையைக் கொளுத்தும் பழக்கம் இப்போது எங்கும் பரவியிருக்கிறது. அந்தப் புகை படியும் இடம் நாம் உண்ணும் சோறு என்பதை நினைத்தாவது இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

மூட்டும் முறை எளிது. பழைய சாம்பலை ஒரு விரற்கடை விட்டு மிச்சத்தை வாரிவிட்டு, பன்னாடையையோ காய்ந்த ஓலையையோ சுருட்டி நடுவில் வைத்து, அதன்மேல் சுள்ளிகளைக் கூம்பாக நிறுத்திப் பற்றவையுங்கள். சுள்ளி நன்றாகப் பிடித்த பிறகு, இரண்டு அல்லது மூன்று விறகுகளை நுனி மட்டும் தீயில் படும்படி செருக வேண்டும். நுனி எரிய எரியத் தள்ளிக்கொடுக்கலாம். வாயை அடைத்து ஐந்தாறு விறகைத் திணிப்பதுதான் புகைக்கு முதல் காரணம். காற்று போவதற்கு வாயின் கீழ்ப்பாதி எப்போதும் திறந்திருக்க வேண்டும். ஊதாங்குழல் தேவைப்படும்போது வாயை நெருப்புக்கு நேரே கொண்டுபோகாமல், குழலின் நுனியைத் தணலுக்கு அருகே வைத்து நீளமாக ஊத வேண்டும். விறகும் அளவும் சரியாக அமைந்த அடுப்பில் குழலுக்கு வேலையே குறைவு.

பாத்திரத்தின் வெளி அடியில் சாம்பலையோ செம்மண்ணையோ குழைத்துப் பூசிவிட்டு ஏற்றினால், கரி அந்தப் பூச்சில் படிந்து, கழுவும்போது எளிதில் கழன்றுவிடும்.

தணலின் பயன்கள் தீயின் பயன்களைவிட அதிகம் என்பது என் எண்ணம். சோற்றைக் கொதிக்கவைக்கச் சுடர் வேண்டும். வடித்த சோறு புழுங்கிப் பதமாவதற்கு விறகை இழுத்துவிட்ட பின் மிஞ்சும் தணலே சரி. கருவாடு, அப்பளம், பனங்கிழங்கு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கத்திரிக்காய் எல்லாம் தணலுக்கும் சூடான சாம்பலுக்கும் உரியவை. கிழங்கைத் தணலின்மேல் நேரே போடாமல் சூடான சாம்பலில் புதைத்து, அதன்மேல் தணலைத் தள்ளிவிட்டால் தோல் கருகாமல் உள்ளே மாவாக வேகும். இரவில் மிஞ்சும் கங்குகளைச் சாம்பலால் மூடி வைத்தால் காலையில் கிளறிச் சுள்ளி வைத்து மூட்டிக்கொள்ளலாம். தீப்பெட்டி அரிதாக இருந்த காலத்தில் இப்படித்தான் நெருப்பு ஒரு நாளிலிருந்து மறுநாளுக்குப் போனது. அணைந்துபோன வீட்டார் அண்டை வீட்டில் சிரட்டையில் கங்கு வாங்கி வருவார்கள். விளக்கு வைத்த பிறகு நெருப்புக் கொடுப்பதில்லை என்ற வழக்கமும் பல ஊர்களில் இருந்தது.

கோட்டை அடுப்பு

பந்திச் சமையலுக்கு ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் கொண்ட நீண்ட குழி வெட்டி, இரு கரையிலும் செங்கல் அடுக்கி, அண்டாக்களை வரிசையாக ஏற்றுவதே கோட்டை அடுப்பு. குழியின் நீளம் காற்றின் போக்கில் இருக்க வேண்டும். காற்று வரும் முனையில் பெரிய வாயும் மறுமுனையில் சிறிய போக்கிடமும் விட்டால் சுடர் தானாகவே குழி நெடுக ஓடும். உலை வைக்கும் அண்டாவை வாய்ப் பக்கமும், குழம்பை நடுவிலும், சூடு மட்டும் காக்க வேண்டியதைக் கடைசியிலும் வைப்பது முறை. அண்டாக்களுக்கு இடையே உள்ள சந்துகளைச் செங்கல்லும் ஈர மண்ணும் கொண்டு அடைத்துவிட வேண்டும். மண் இளகிய இடத்தில் கரை சரிந்து கொதிக்கும் அண்டா கவிழ்ந்துவிடும் அபாயம் இருப்பதால், குழி வெட்டாமல் தரைக்கு மேலேயே செங்கற்களால் கட்டிக்கொள்வது பாதுகாப்பானது. சமையற்காரர்கள் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, சூடம் காட்டி, பிறகுதான் முதல் கொள்ளியை உள்ளே வைப்பார்கள்.

இந்த வகை அடுப்புகளுள் நான் பெரிதும் மதிப்பது வடலூரில் இருக்கிறது. இராமலிங்க அடிகள் 1867 மே 23 அன்று தொடங்கிய சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு அணையா அடுப்பு என்று பெயர் பெற்று, பசித்து வருகிறவர்களுக்கு இன்றும் சோறாக்கிக்கொண்டிருக்கிறது. வருபவர் யார் என்று அங்கே கேட்பதில்லை. அடுப்பு யாருக்காக எரிய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடையை நான் கண்டதில்லை.

மூட்டும் நாளும் மூட்டாத நாளும்

தைப்பொங்கலுக்கு அன்றாட அடுப்பைப் பயன்படுத்துவதில்லை. முற்றத்தில் சாணம் தெளித்துக் கோலமிட்டு, மூன்று கற்களையோ செங்கற்களையோ புதிய மண் அடுப்பையோ வைப்பார்கள். நெல்லைப் பகுதியில் இதற்கென்றே பொங்கல் கட்டிகள் செய்வார்கள். அவற்றை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். மேலே சொன்ன கலவை மண்ணில், அடி 6 அங்குலமும் உயரம் 9 அங்குலமுமாக, மேலே குறுகி முகம் தட்டையாக இருக்கும்படி மூன்று கட்டிகளைப் பிடித்து, மார்கழி வெயிலில் நிழலும் வெயிலுமாக மாற்றி மாற்றிக் காயவைத்து, சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் காவிப் பட்டைகள் தீட்டினால் ஆயிற்று. அங்கே பனை ஓலை கொண்டு எரிப்பது வழக்கம். ஓலை சட்டென்று பிடித்துச் சட்டென்று அடங்குவதால் ஒருவர் அருகிலேயே இருந்து ஓலையைத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். பால் பொங்கும் நேரத்தில் கை ஓயக் கூடாது. திருவனந்தபுரம் ஆற்றுகால் பொங்கலில் லட்சக்கணக்கான பெண்கள் தெருவெங்கும் செங்கல் அடுப்புகள் வைத்து, கோயிலின் உள்ளிருந்து வரும் நெருப்பு ஓர் அடுப்பிலிருந்து அடுத்த அடுப்புக்குப் போகும்படி மூட்டுகிறார்கள். அந்தக் கோயிலின் அம்மனைக் கண்ணகியோடு இணைத்தே மக்கள் வழிபடுகிறார்கள்.

புதுமனையில் பால் காய்ச்சுவதே குடிபுகுதல்; சாமான்கள் முன்பே வந்து சேர்ந்திருந்தாலும் அடுப்பு எரியும்வரை அது குடியிருக்கும் வீடாகக் கருதப்படுவதில்லை. அண்ணன் தம்பி பிரிந்தால் தனி உலை வைத்துவிட்டார்கள் என்றுதான் ஊர் சொல்லும். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஒரே சமையலறையில் உண்டு சேர்ந்து வாழ்பவர்களையே ஒரு குடும்பமாக எண்ணுகிறது. அடுப்பில் பூனை உறங்குகிறது என்றால் அந்த வீட்டில் அரிசி இல்லை. இந்த வறுமையைப் புறநானூற்றின் 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார், சமைப்பதையே மறந்து காளான் பூத்துக் கிடக்கும் தம் வீட்டு அடுப்பாக வள்ளல் குமணனிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

இறப்பு நிகழ்ந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உறவினரும் அண்டை வீட்டாரும் சமைத்துக் கொண்டுவருவார்கள். துயரத்தில் இருப்பவர் அடுப்படியில் நிற்க வேண்டாம் என்று ஊர் தானே ஏற்றுக்கொண்ட பொறுப்பு அது. அப்படிக் கொண்டுபோகிறவர்கள் காரம் குறைத்து, குழந்தைகளுக்குப் பாலும் முதியவர்களுக்குக் கஞ்சியும் தனியாக எடுத்துப்போவது நல்லது. பல இடங்களில் சாம்பலை வாரி, அடுப்பை மெழுகிய பிறகே மீண்டும் மூட்டுவார்கள்.

பேணுதல்

நாள்தோறும் காலையில் அடுப்பு ஆறியிருக்கும்போது சாம்பலை வாரிவிட்டு, சாணத்தையும் செம்மண்ணையும் நீர்க்கக் கரைத்துத் துணியால் மெழுகுங்கள். முந்தைய நாள் சூட்டில் விழுந்த நுண்கீறல்கள் அதில் அடைபடுகின்றன. மெழுகிக் கோலமிட்ட அடுப்பு அழகாக இருப்பதோடு, இரண்டு மூன்று ஆண்டுகள் கூடுதலாகவும் உழைக்கும். குமிழ்கள்தாம் முதலில் தேயும்; தேய்ந்ததை முழுவதும் சுரண்டி எடுத்து, ஈரப்படுத்திப் புதிய மண் வையுங்கள். தேய்ந்ததன்மேலேயே ஒட்டினால் நிற்காது. சூடான அடுப்பின்மேல் பொங்கி வழிந்தால் உடனே நீர் ஊற்றாமல் ஆறிய பிறகு துடைக்க வேண்டும்.

சாம்பலை எறிந்துவிடாதீர்கள். சலித்த சாம்பல் பித்தளையும் ஈயமும் துலக்கும். காய்ந்த அவரை, பீர்க்கு விதைகளைச் சாம்பலில் புரட்டி மண்கலயத்தில் வைத்தால் அடுத்த ஆடிவரை வண்டு அணுகாது. காலைப் பனி உலரும் முன் கத்திரி, அவரைச் செடிகளின்மேல் தூவினால் அசுவினிப் பூச்சி குறையும். அடுப்புக்கு மேலே பரண் இருந்தால் விதைக்கு எடுத்த சோளக் கதிர்களையும் சுரைக்குடுக்கைகளையும் அங்கே கட்டித் தொங்கவிடலாம். மெல்லிய சூடும் புகையும் பூச்சியை அண்டவிடாது.

சுவர் கனம் பாதியாகக் குறைந்து, மெழுகினாலும் கீறல் மூடாத நிலை வந்தால் அடுப்பை இடித்துவிடலாம். மழைக்கு முன்பாக, சித்திரையிலோ வைகாசியிலோ இடித்துப் புதிதாகப் போட்டால் காய்வதற்கு வெயில் கிடைக்கும். பழைய அடுப்பின் சுட்டுச் சிவந்த கட்டிகளைப் பொடித்துப் புதிய மண்ணில் நாலில் ஒரு பங்கு வரை கலந்துகொள்ளலாம். கரி ஏறிய உட்பக்கத்து மண்ணைத் தென்னைக்கோ வாழைக்கோ அடியுரமாகப் போட்டு மூடிவிடுங்கள்.